டை ஹார்ட்: தெற்குவாடியில் பாதிப்பேர் சிரித்தார்கள், ஒருவர் எழுந்து போனார்

தெற்குவாடி | ஞாயிறு காலை 7.10

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூணு வாரம் ஆச்சு. ஜூன் 14 வரைக்கும் விசைப்படகெல்லாம் கரையிலதான். அதனால நேத்து ராத்திரி பாம்பன் தெற்குவாடியில வலை காயப்போடுற மைதானத்துல தார்ப்பாய் கட்டி, அது மேல வெள்ளை வேட்டி ரெண்டை மூட்டி விரிச்சு, ‘டை ஹார்ட்’ங்கிற அமெரிக்கப் படம் போட்டோம். கீழக்கரை ஒலி காக்கா (அண்ணன்) ஒரு மாசமா உட்கார்ந்து எழுதின தமிழ் வசனம் அடியில ஓடுச்சு. நாப்பது பேருக்கு மேல வந்திருந்தாங்க.

முடிஞ்சதும் நடந்தது வந்தவங்களுக்குத் தெரியும். இளவட்டம் விசில் அடிச்சுது. பழைய ரோந்து அண்ணன் பாதியிலேயே எழுந்து போயிட்டார். சட்டம் படிக்கிற தங்கச்சி, கடைசிக் காட்சிக்குக் கைதட்டினவங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. டீக்கடை வரைக்கும் போயும் பேச்சு அடங்கலை. அங்க பேசினதை இங்க நிதானமா எழுதுவோம்.

என் கட்சியை முதல்ல சொல்லிடறேன். இது, ஆயுதக் கும்பல் பிடிச்சு வெச்ச கட்டடத்துக்குள்ள தனியா மாட்டிக்கிட்ட, வாய் ஓயாத ஒரு போலீஸ்காரன் படம். அவன் பேசறதைப் பலபேர் ‘பஞ்ச்’னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. பஞ்ச்ங்கிறது அடிக்கிறதுக்கு முன்னாடி நம்ம பக்கம் திரும்பிச் சொல்றது. சொல்றவனுக்குத் தான் ஜெயிக்கப்போறது தெரியும். நக்கல் வேற. உள்ளுக்குள்ள உதறுறப்போ பக்கத்துல இருக்கிறவன்கிட்டப் பேசறது, யாருமே இல்லேன்னா தனக்குத்தானே பேசிக்கிறது. ஜான் மெக்லேன் பேசறதுல பெரும்பகுதி தனியாப் பேசறதுதான்.

காத்துக்குழாய்க்குள்ள லைட்டரைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்து போற இடத்தைப் பாருங்க. உடம்பு நுழையாத தகரக்குழாய். கையில ஒரு துளி நெருப்பு. கீழ ஆயுதத்தோட ஆளுங்க தேடுறாங்க. அப்போ அவன், தன்னை இங்க வரச்சொன்னவங்க குரல்ல பேசிப் பார்க்கிறான்: கடற்கரைப் பக்கம் வாயேன், எல்லாரும் ஒண்ணாச் சேருவோம், கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு இருப்போம்னு. நியூயார்க்ல இருந்து பொண்டாட்டி பிள்ளையைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு லாஸ் ஏஞ்சலஸ் வந்தவன். அந்த வசனத்துக்கு நம்ம மைதானமே அதிர்ந்துச்சு. கடற்கரையில இருக்கிற எந்த வீட்டுக்கு இந்த மாதிரி சொந்தக்காரங்க வந்து மாட்டிக்கிட்டதில்லை? சிரிப்பு வந்த அதே நேரம் எனக்கு மூச்சு முட்டுச்சு. ரெண்டும் ஒண்ணா வந்ததுதான் இந்தப் படம்.

பழைய ரோந்து | ஞாயிறு காலை 9.25

தம்பி, நான் எழுந்து போனது தூக்கம் வந்து இல்லை. இருபத்தெட்டு வருஷம் காக்கி போட்டவன், அதுல ஏழு வருஷம் கடல்ல. கட்டடத்துக்கு உள்ள இருக்கிற ஒரு போலீஸ்காரன் புத்திசாலி, வெளிய நிக்கிற அத்தனை போலீஸ்காரனும் மடையன்னு காட்டினா எப்படி உட்கார்ந்து பார்க்கிறது? வெளிய நிக்கிற அந்தப் போலீஸ் துணைத் தலைவர் பாத்திரத்தைப் பார்த்தீங்களா? எது சொன்னாலும் நம்ப மாட்டார். உள்ள இருந்து உயிரைக் கொடுத்துத் தகவல் சொல்றவனையே திட்டுறார். கவச வண்டியை அனுப்பி அழிக்கிறார். ஒரு மேலதிகாரி அப்படி இருக்கலாம். எல்லாரும் அப்படியா?

நம்ம ஊர்ப் படத்துலயும் இதே கதைதான். ஹீரோ போலீஸைத் தவிர மத்தவன் எல்லாம் லஞ்சம், இல்லேன்னா தொந்தி. ஒரு ஆளைத் தூக்கி நிறுத்த நூறு பேரை மட்டம் தட்டணுமா? அந்த நூறுல ஒருத்தனா வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

தொண்டிக்கரை | ஞாயிறு காலை 11.00

அண்ணே, நீங்க சொன்ன அதே குறையை 1988லயே ஒருத்தர் எழுதியிருக்கார். அமெரிக்காவில் பெரிய பேர் வாங்கின விமர்சகர் ராஜர் ஈபர்ட். நாலு நட்சத்திரத்துக்கு ரெண்டுதான் கொடுத்தார். சண்டைக்காட்சிகளையும் வில்லன் நடிப்பையும் ஒத்துக்கிட்டு, அந்தத் துணைத் தலைவர் பாத்திரம் வந்து படத்தின் பின்பாதியைக் கெடுக்குதுங்கிற மாதிரி எழுதினார். ஆக, நீங்க எழுந்த அதே இடத்துலதான் அவரும் மனசளவுல எழுந்திருக்கார்.

இன்னிக்கு இதை எல்லாரும் தலையில வெச்சுக் கொண்டாடறதால, வந்தப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும்னு நினைக்கிறோம். இல்லை. ஜூலை 1988ல வந்தப்போ கலவையான வரவேற்புதான். ப்ரூஸ் வில்லிஸ் அப்போ டிவி தொடர்ல நகைச்சுவையா நடிச்சு வீட்டுக்கு வீடு தெரிஞ்ச முகம். அவருக்கு 50 லட்சம் டாலர் சம்பளம்னு செய்தி வந்ததும் சினிமா வட்டாரமே வாயைப் பிளந்துச்சு. ஆர்னால்டு, ஸ்டாலோன் மாதிரி மலை உடம்பு இருந்தாத்தான் ஆக்‌ஷன்னு இருந்த காலம். முடி கொட்ட ஆரம்பிச்ச, நம்ம தெருவுல பார்க்கிற மாதிரி ஒரு ஆளு துப்பாக்கி தூக்கினா யார் பார்ப்பாங்கன்னு கேட்டாங்க. முன்னோட்டத்துல அவர் முகத்தைப் பார்த்த சனம் சிரிச்சதால, போஸ்டர்ல அவரை ஓரங்கட்டிட்டுக் கட்டடத்தைப் பெருசாப் போட்டாங்க. படம் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் முகம் திரும்பி வந்துச்சு.

கடைசியில உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 14 கோடி டாலர் வசூல். எடிட்டிங், ஒலி, ஒலி விளைவு, காட்சி விளைவுன்னு நாலு ஆஸ்கர் பரிந்துரை. 2017ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தோட தேசியத் திரைப்படப் பதிவேட்டுல சேர்த்தாங்க. அலன் ரிக்மனுக்கு இதுதான் முதல் சினிமா. மேடையில இருந்து நேரா வந்து இப்படி ஒரு வில்லனைக் கொடுத்துட்டுப் போனார்.

மண்டபம் ரயிலடி | ஞாயிறு மதியம் 12.15

1988 ஜூலைன்னு படிச்சதும் ஒரு ஞாபகம். நம்ம ரோட்டுப் பாலம் திறந்ததும் அதே வருஷம், அக்டோபர் 2. அதுக்கு முன்னாடி மண்டபத்துல இருந்து பாம்பன் போக ரயிலை விட்டா வழி கிடையாது. படம் எங்க கைக்கு வர அப்புறம் நாலஞ்சு வருஷம் ஆச்சு. ராமநாதபுரத்துல டெக் வாடகைக்கு எடுத்து, கேசட் தேஞ்சு, ஆள் எல்லாம் மழைக்குள்ள நடக்கிற மாதிரி தெரிஞ்சுது. வசனம் ஒண்ணும் புரியலை. அப்படியும் ரெண்டு தரம் போட்டுப் பார்த்தோம்.

வாலிநோக்கம் | ஞாயிறு மதியம் 1.40

எனக்கு வயசு 22. மனசுல பட்டதைச் சொல்றேன். முதல் இருபது நிமிஷம் பொறுமை போச்சு. விமானத்துல பேசறாங்க, கார்ல பேசறாங்க, பார்ட்டியில பேசறாங்க. ஒரு வெடி இல்லை. நான் இதே வரிசையில 2013ல வந்த அஞ்சாம் படத்தைத்தான் முதல்ல பார்த்தேன். மாஸ்கோவுல நடக்கும். அதுல தொடங்குனதுல இருந்தே வண்டி பறக்கும். ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன், அந்தப் படத்துல எனக்கு ஒரு காட்சிகூட இப்போ ஞாபகம் இல்லை. நேத்துப் பார்த்ததுல அந்தக் கைக்கடிகாரம் மட்டும் கண்ணுக்குள்ளேயே நிக்குது.

தெற்குவாடி | ஞாயிறு மதியம் 2.30

வாலிநோக்கம் தம்பி, நீயே பதில் சொல்லிட்டே. அந்த இருபது நிமிஷத்துலதான் கடிகாரத்தைக் காட்டுறாங்க. கம்பெனியில மனைவிக்குப் பரிசாக் கொடுத்தது, அதைப் புருஷன்கிட்டக் காட்டச் சொல்லிக் கூட வேலை பார்க்கிறவன் பெருமையடிக்கிறான். ரெண்டு மணி நேரம் கழிச்சு வில்லன் ஜன்னலுக்கு வெளிய அவ மணிக்கட்டைப் பிடிச்சுத் தொங்கறப்போ, அந்தக் கடிகாரப் பட்டையைத்தான் மெக்லேன் கழட்டுறான். சம்பாத்தியம், குடும்பம், ஊர் விட்டு ஊர் போன சண்டை எல்லாம் அந்த ஒரு கொக்கியில மாட்டியிருக்கு. காலணியைக் கழட்டி வெறுங்காலோட கம்பளத்துல நில்லுன்னு விமானத்துல ஒருத்தர் சொன்ன யோசனையும் அங்கதான் வருது. அது இல்லேன்னா படம் முழுக்க அவன் வெறுங்காலோட ஓடறதுக்குக் காரணமே இல்லை.

அஞ்சாம் படத்துல என்ன ஆச்சுன்னா, அவனுக்கு அடிபடாதுன்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அவன் என்ன பேசினாலும் பஞ்ச்தான். நக்கல் செத்துப்போச்சு. விமர்சகர்களும் அதைக் கிழிச்சாங்க, நியாயமாவே.

பாசிக்காரி மகள் | ஞாயிறு மாலை 4.05

வெறுங்கால்னு படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. நான் சின்னப்பாலம். எங்க அம்மா முப்பது வருஷமா பாசி எடுக்கிறாங்க. மரிக்கொழுந்துப் பாசி, கடலுக்கு அடியில பார்னு சொல்ற பாறையில ஒட்டி வளரும். அதைப் பிய்ச்சு எடுக்க விரல் ஒவ்வொண்ணுக்கும் துணி சுத்திக்கணும். காலுக்கு ரப்பர் செருப்பு. அப்படியும் பார் கிழிச்சுடும். அம்மா உள்ளங்காலைத் தடவிப் பார்த்தா எங்க எங்க தழும்புன்னு எனக்கே மனப்பாடம்.

உடைஞ்ச கண்ணாடி மேல அவன் வெறுங்காலோட போற காட்சி வந்தப்போ முன்னாடி இருந்த பசங்க கூச்சல் போட்டாங்க. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு சத்தம் இல்லை. எங்க அம்மா தன் காலை மடிச்சு உள்ளங்காலைக் கையால மூடிக்கிட்டாங்க. அவன் குளியலறையில உட்கார்ந்து ஒவ்வொரு சில்லா உருவுறப்போ, ‘நுனி உள்ளயே ஒடிஞ்சிருக்கும், விளக்குல பார்க்கச் சொல்லு’ன்னு என் காதுல சொன்னாங்க. படம்ங்கிறதையே மறந்துட்டாங்க.

நக்கலைப் பத்தி தெற்குவாடி அண்ணன் எழுதினது சரி. போன வருஷம் தண்ணிக்குள்ள சொறிங்கிற ஜெல்லிமீன் முகத்துல சுத்திருச்சு. வாய் ஒரு பக்கம் வீங்கிப்போய் மேல வந்த அம்மா, வள்ளத்துல இருந்தவங்ககிட்டச் சொன்ன முதல் வார்த்தை, ‘இன்னிக்கு வெத்தலைச் செலவு மிச்சம்.’ எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா கை அப்பவும் நடுங்கிக்கிட்டு இருந்துச்சாம். கூட இருந்த சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தொண்டிக்கரை | ஞாயிறு மாலை 4.40

தங்கச்சி, தகவலுக்காகச் சொல்றேன். படப்பிடிப்புல வில்லிஸ் பல காட்சிக்குக் கால் மாதிரியே செஞ்ச ரப்பர் காலணிதான் போட்டிருந்தார். ஆனா மேசைக்கு அடியில இருந்து சுடுற காட்சியில பக்கத்துலேயே சத்தம் வெடிச்சு, அவர் இடதுகாது கேட்கும் திறன் நிரந்தரமாக் குறைஞ்சுபோச்சு.

பாசிக்காரி மகள் | ஞாயிறு மாலை 4.52

ரப்பரா இருக்கட்டும் அண்ணே. அம்மா பார்த்தது காலைத்தான்.

ராம்நாடு வழக்கு | ஞாயிறு மாலை 6.30

நேற்று முகம் மாறியது நான்தான். விளக்கமாக எழுதுகிறேன்.

நக்கல் பற்றிய வாதத்தில் எனக்குச் சண்டை இல்லை. சிக்கல் பவல் என்கிற இன்னொரு போலீஸ்காரர் கதையில் இருக்கிறது. வெளியே நின்று வயர்லெஸ்ஸில் மெக்லேனுக்குத் துணையாகப் பேசுகிற அந்த நல்ல மனிதர், முன்பொரு நாள் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த பதின்மூன்று வயதுப் பையனை உண்மைத் துப்பாக்கி என்று நினைத்துச் சுட்டுக் கொன்றவர். அதன் பிறகு துப்பாக்கியை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனுக்கு இருக்க வேண்டிய குற்ற உணர்வு அது. படம் அதை ஒரு நோய் மாதிரி வைத்து, கடைசியில் அவர் மறுபடி ஒருவனைச் சுட்டுக் கொன்றதும் குணமாகிவிட்டதாகக் காட்டுகிறது. இசை உயர்கிறது. நாற்பது பேர் கைதட்டினீர்கள். அந்தப் பையனுக்கு ஒரு பெயர்கூடப் படத்தில் இல்லை.

வெளிநாட்டுப் படம், பழைய படம் என்று விட்டுவிட முடியவில்லை. நமக்குப் பக்கத்துக் கடற்கரை மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அப்போது சாமி, சிங்கம் படங்களின் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று அறிக்கையே விட்டார். படம் எடுத்தவரே யோசித்திருக்கிறார். பார்க்கிற நாமும் எந்த இடத்தில் கைதட்டுகிறோம் என்று யோசிக்கலாம் அல்லவா?

தெற்குவாடி | ஞாயிறு இரவு 8.15

தங்கச்சி, அந்த இடத்துல நானும் கைதட்டினேன். உன் பதிவைப் படிச்சிட்டு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அந்தக் குழந்தை செத்தது பவலோட சோகமா மட்டும்தான் வருது. அந்தக் குழந்தை வீட்டுச் சோகமா வரலை.

ஆனா பவலோட மதிப்பு எனக்கு அந்தத் துப்பாக்கியில இல்லை. வயர்லெஸ்ல இருக்கு. ரெண்டுபேரும் முகம் பார்த்ததில்லை. குரல்தான். காலைக் கட்டிக்கிட்டே மெக்லேன், நான் செத்துட்டா என் பொண்டாட்டிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுன்னு பவல்கிட்டச் சொல்றான். இருக்கிறப்போ ஐ லவ் யூ ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், மன்னிச்சுக்கோன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லைங்கிறான். அந்த நேரத்துல வாயில நக்கல் இல்லை. படம் முழுக்க நக்கலை அடுக்கிக்கிட்டே வந்தது, இந்த ஒரு இடத்துல அது நின்னுபோறதுக்காகத்தான்னு எனக்குப் படுது.

கடல்ல வயர்லெஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு இது புரியும். நாகப்பட்டினம் படகுக்காரர் ஒருத்தர் குரல் எனக்குப் பதினொரு வருஷப் பழக்கம். வலை எங்க விட்டீங்க, மீன் எப்படி, மகளுக்கு வரன் அமைஞ்சுதான்னு எல்லாம் பேசியிருக்கோம். ஒரே ஒரு தடவை துறைமுகத்துல நேர்ல பார்த்தேன். அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே நடையை வெச்சு இவர்தான்னு தெரிஞ்சுபோச்சு. கடைசியில மெக்லேனும் பவலும் கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கிற பார்வை அச்சு அசலா அதுதான்.

கீழக்கரை ஒலி | ஞாயிறு இரவு 9.30

தமிழ் எழுதினவன் நான். அதனால சில விஷயம் சொல்லணும்.

முதல்ல நான் எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டு உம்மா, ‘இவன் என்ன, மேடையிலயா நிக்கிறான்?’னு கேட்டாக. வசனத்தை எல்லாம் பஞ்சா எழுதி வெச்சிருந்தேன். எதுகை, மோனை, ‘டா’ எல்லாம் போட்டு. எல்லாத்தையும் கிழிச்சுட்டு, எங்க தெருவுல ராத்திரி கரண்ட் போனா இருட்டுல உட்கார்ந்து பேசிக்கிற பேச்சுல எழுதினேன். மெக்லேன் அவசரத் தொடர்புல உதவி கேட்கிறப்போ, இது அவசரத்துக்கான அலைவரிசை, மத்தவங்க பேசக்கூடாதுன்னு அந்தம்மா சொல்றாக இல்லையா? சாப்பாடு ஆர்டர் பண்ற மாதிரியா இருக்குன்னு இவன் கத்துவான். அது கோபமும் அழுகையும் கலந்த நக்கல். அதை ஆறு தடவை மாத்தி எழுதினேன்.

ரொம்பக் கஷ்டம் அந்தக் குதிரைவீரன் பேச்சு. சினிமா பார்த்துக் கெட்டுப்போன இன்னொரு அமெரிக்கனா, உன்னை ஜான் வெய்ன்னு நினைப்பாங்கிற மாதிரி வில்லன் கேட்பான். எனக்கு ராய் ரோஜர்ஸ்தான் பிடிக்கும்னு இவன் சொல்வான். பளபள சட்டை போட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டுக் குதிரையில வர்ற நடிகர். அதாவது, பெரிய வீரன் பேரைக் கேட்டா, ஆடிப்பாடுற வீரன் பேரைச் சொல்றான். நமக்குக் கர்ணன் எடுத்த ஜெய்சங்கர் குதிரைப் படங்கள் உண்டு. அந்தப் பேரைப் போட ஆசைதான். ஆனா லாஸ் ஏஞ்சலஸ்ல நிக்கிறவன் வாயில ஜெய்சங்கர் வந்தா படமே இடம் மாறிப்போயிரும். ‘குதிரையில பாடிக்கிட்டு வருவாரே, அவரைத்தான் பிடிக்கும்’னு எழுதினேன். பாதி சுவை போச்சு. எனக்கு இன்னும் அது உறுத்துது.

‘யிப்பி கை ஏ’ன்னு மெக்லேன் போடுற கூவலை அப்படியே விட்டேன். அதுக்கு அடுத்த வார்த்தை தாயை இழுக்கிறது. பெண்கள், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற மைதானம். கீழ ஒண்ணும் எழுதாம விட்டுட்டேன். அவன் முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் விளங்கிருச்சு.

வசனம் மாத்துறது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். ஜெர்மன் மொழியில இந்தப் படத்தைப் பேசவெச்சப்போ, வில்லனுங்க ஜெர்மன்காரங்கங்கிறதே அங்க சங்கடமா இருந்ததால, ஹான்ஸ் க்ரூபர் பேரை ஜாக்னு மாத்திட்டாங்க.

அக்காள்மடம் | ஞாயிறு இரவு 10.20

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். 2022 மார்ச்சுல ப்ரூஸ் வில்லிஸுக்குப் பேச்சிழப்பு நோய், இனி நடிக்க மாட்டார்னு அவர் குடும்பம் அறிவிச்சுது. அடுத்த வருஷம் மூளைத்தேய்வு நோய்னு சொன்னாங்க. எங்க அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய் ஆறு வருஷம். வலை பின்னிக்கிட்டே ஊரையே சிரிக்கவெச்ச மனுசன். இப்பவும் யாராவது நக்கலாப் பேசினா அவர் கண்ணுல ஒரு வெளிச்சம் வரும், உதடு அசையும், வார்த்தை வராது. நேத்து வில்லிஸ் அந்தக் குழாய்க்குள்ள தனியாப் பேசிக்கிட்டே போனப்போ எனக்குத் திரையைப் பார்க்க முடியலை.

பழைய ரோந்து | திங்கள் காலை 6.05

ராத்திரி விட்ட இடத்துல இருந்து போன்ல பார்த்தேன். தூங்க மணி ரெண்டு ஆச்சு.

அந்தத் துணைத் தலைவர் விஷயத்துல என் கோபம் அப்படியேதான் இருக்கு. ஆனா அவசரத் தொடர்புல பேசற காட்சியைக் கீழக்கரைத் தம்பி எழுதினதும் எனக்குப் பழசு ஒண்ணு வந்துருச்சு. இடம், ஆள் எதையும் சொல்லமாட்டேன். ஒரு ஆடி மாசம், தனுஷ்கோடிக்குத் தெற்கே ரோந்து போனப்போ நடுராத்திரி என்ஜின் நின்னுபோச்சு. படகுல நாலு பேர். கச்சான் காத்து தள்ளுது கிழக்கே. அந்தப் பக்கம் எல்லைக்கோடு, அதுக்கு அப்பால தலைமன்னார். வயர்லெஸ்ல சொன்னா, எதிர்முனையில, எவ்வளவு டீசல் போட்டீங்க, யார் அனுமதி கொடுத்தா, எழுத்துல இருக்கான்னு கேட்கிறாங்க. அலை தூக்கிப் போடுது, நான் கணக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

கூட இருந்த ஏட்டு, பிள்ளைகுட்டிக்காரர், நீச்சல் அரைகுறை. அவர் சொன்னார், ‘விடியறதுக்குள்ள தலைமன்னார் போயிருவோம், அங்க இட்லி கிடைக்குமாய்யா, இல்லே இடியாப்பம்தானா?’ நாங்க நாலு பேரும் அந்த இருட்டுல அப்படிச் சிரிச்சோம். அவர் சிரிச்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சிருந்தார், விடவே இல்லை. விடியக்காலம் நாட்டுப்படகுக்காரங்கதான் எங்களைப் பார்த்துக் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாங்க.

சட்டம் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வார்த்தை. பயிற்சி மைதானத்தைத் தவிர நான் எங்கேயும் சுட்டதில்லை. அதை இத்தனை வருஷமா யார்கிட்டயும் பெருமையாச் சொன்னது கிடையாது, சொன்னா கோழைன்னு நினைப்பாங்கன்னு. பவல் துப்பாக்கியை எடுக்காமலே அந்த ஆளைத் தடுக்கிற மாதிரி ஒரு முடிவு எழுதியிருந்தா நான் எழுந்து நின்னு கைதட்டியிருப்பேன்.

ராம்நாடு வழக்கு | திங்கள் காலை 7.40

நன்றி மாமா. சுடாமலே ஓய்வு பெற்றவரைப் பற்றி ஒரு படம் வந்தால் முதல் ஆளாக நான் டிக்கெட் எடுப்பேன்.

வாலிநோக்கம் | திங்கள் காலை 8.10

ரோந்து அண்ணன் எழுதினதை வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டினேன். எங்க அப்பா வள்ளத்துக்காரர். ‘கயிறு போட்டவன்ல நம்மாளும் ஒருத்தன் இருக்கலாம்’னாரு. படத்தை இன்னொரு தரம் பார்க்கத் தயார். இந்தத் தடவை முதல் இருபது நிமிஷமும் பார்க்கிறேன்.

பாசிக்காரி மகள் | திங்கள் காலை 9.00

அம்மாவுக்கும் இன்னொரு தரம் பார்க்கணுமாம். ஆனா ஒரு விஷயம், நேத்து எழுதத் தயங்கினேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அவங்க கூட உட்கார்ந்திருந்தவங்கள்ல பாதிப்பேருக்கும் தெரியாது. காக்கா ஒரு மாசம் உழைச்சு எழுதின வசனம் எதுவும் அவங்களுக்குப் போய்ச் சேரலை. நான் காதுல சொன்னது கொஞ்சம்தான். அப்படியும் அம்மா சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சாங்க. எப்படிம்மா புரிஞ்சுதுன்னு கேட்டேன். ‘குரல்ல தெரியுதே, அவன் பயந்து போயிருக்கான்’னாங்க. அந்த வயர்லெஸ்ல என்ன பேசினான்னு மட்டும் முழுசாக் கேட்கணுமாம்.

கீழக்கரை ஒலி | திங்கள் காலை 9.35

தங்கச்சி, இது எனக்குத் தோணாமப் போச்சு. தப்பு என்னுது. அந்தக் காலத்துல பேசாத படம் ஓடுறப்போ பக்கத்துல ஒருத்தர் நின்னு கதை சொல்வாராம். நாமளும் சொல்லுவோம். மைக் என்கிட்ட இருக்கு. படத்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுட்டு, திரைக்குப் பக்கத்துல உட்கார்ந்து நான் மெக்லேன் பேசறதைத் தமிழ்ல பேசறேன். எழுதினது கையில இருக்கு. பவலுக்கு ஒரு ஆள் வேணும். வயசான குரலா, நிதானமா.

பழைய ரோந்து | திங்கள் காலை 9.50

பவலை நான் பேசறேன். வசனத்தைப் பெரிய எழுத்துல எழுதிக் கொடு தம்பி, கண்ணாடி போட்டாலும் இருட்டுல தெரியாது. அந்தத் துணைத் தலைவரை வேற யாரையாவது பேசச் சொல்லு.

தெற்குவாடி | திங்கள் காலை 10.05

சனிக்கிழமை இதே மைதானம், ஏழரை மணி. கச்சான் ஏறிக்கிட்டே இருக்கு, அதனால ஸ்பீக்கரை மேற்குப் பக்கம் வெச்சுக் கிழக்கே திருப்புறேன். சின்னப்பாலம் ஆளுங்களுக்கு முன் வரிசையில பாய் போட்டு வெக்கிறோம். மூட்டின வேட்டி நடுவுல பிரிஞ்சிருக்கு, அக்காள்மடத்துல யார்கிட்டயாவது தையல் மெஷின் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.